கை வைத்தவன்

நீதான் செய்தாய். கிடங்கில் கை வைத்தது உன் கை. அந்தப் புள்ளை தலையில் பழி இறங்கும்போது சுவரோரமாக நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவனும் நீதான். இத்தனையும் நாச்சிமுத்துவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது, வெளியே வரவில்லை, ஏனென்றால் வாயைச் சுற்றிலும் சோப்பு நுரை, சலூன்காரன் கனகு பிரஷ்ஷை மீசைக்கு அடியில் விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தான், வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். திட்டவேண்டிய ஆளும் அங்கே இல்லை. அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மாடியில், நாச்சிமுத்துவின் ஆபீசிலேயே, நாச்சிமுத்து வாங்கி மாட்டிய ஏசியின் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். பெண்டாட்டியின் தம்பி. மாப்ளே என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகிவிட்டதால் அவனுக்கு ஒரு பெயர் இருப்பதே பாதி நாள் மறந்துபோகும். சலூன் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கதவும், கதவுக்குப் பின்னால் கணபதி ரோடும், ரோட்டுக்கு அப்பால் எதிர்க் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டும் இடம் வலமாக மாறித் தெரிந்தன. அந்தப் படியில்தான் அந்தப் புள்ளை, மெர்லின், இறங்கி வருவாள். மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள் போய்விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதே மத்தியானத்துக்குத்தான் போட்டோ ஸ்டுடியோ சங்கத்துச் செயலாளர் ஜோதிலிங்கம் வருகிறார், எங்களுக்கு ஒரு பேர் வேணும், யார் பண்ணினதுன்னு பேர் வேணும் என்று. பெரிய பேரம் எதற்குப் போகும் முன்பும் நாச்சிமுத்து சவரம் செய்துகொள்வார், அது அவர் வழக்கம். பழைய மானிட்டர்களை ஏலத்தில் எடுத்து விற்ற காலத்திலேயே கற்றது. தாடியோடு போனால் எதிராளிக்கு உன் அவசரம் தெரிந்துவிடும், முகம் மழமழவென்று இருந்தால் இவனுக்கு இந்தச் சரக்கு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்து அவனே விலையில் இறங்குவான். இன்றைக்கு என்ன பேரம்? எதைக் கொடுத்து எதை வாங்கப் போகிறார்? ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்து ஒரு சங்கத்தின் வாயை அடைக்கப் போகிறார். அதற்கு எதற்குச் சவரம்? முடியோடு போனால் மட்டும் பாவம் கூடிவிடுமா, அல்லது நுரையோடு கொஞ்சம் கழுவிக்கொண்டு போகுமா?

அவள் வேலைக்கு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வியே, சம்பளத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்பதுதான். அவள் பார்க்கவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னாள், நாகர்கோவில் பேச்சு, முதுகு நேராக இருந்தது, "இது தான் சார். கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல." ஒரே விலைக் கடைக்குள் அவர் ஆயுளில் காலடி வைத்ததில்லை, அவளிடம் வைத்தார். அப்போதெல்லாம் ஆபீசில் எல்லாமே கைவேலை. எங்கோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டர்களை இங்கே திரையில் தேடிப் பிடித்து, ஒன்றொன்றாகக் கிளிக் பண்ணி எழுப்பி, கதவு வைத்து, பூட்டுப் போட்டு, எது எங்கே இருக்கிறது என்பது மாப்ளே தலைக்குள் மட்டும் இருக்கும். அவன் காய்ச்சலில் படுத்தால் கம்பெனியே படுத்துக்கொள்ளும். மெர்லின் வந்து அதையெல்லாம் எழுத்தில் போட்டாள். எத்தனை கம்ப்யூட்டர், தகவல் போட்டுவைக்கிற எந்தக் கிடங்கு, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எல்லாம் வரி வரியாகக் கோடு, கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கிற கட்டளை. அந்தக் கோடை ஓட்டினால் அது போய் அங்கே இருப்பதையும் இங்கே எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும், புதிதாகச் செய்யப் போவதைப் பச்சையில், மாற்றப் போவதை மஞ்சளில், இடிக்கப் போவதைச் சிவப்பில் காட்டும், காட்டிவிட்டு நின்று கேட்கும், செய்யட்டுமா? எஸ் என்று அடித்தால்தான் செய்யும். "எழுதுனது தான் இருக்கணும் சார். இருக்கியது எல்லாம் எழுதியிருக்கணும். நடுவுல யாரும் போயி கையால தொடப்பிடாது. தொட்டா, நான் அடுத்து ஓட்டும்போ அது பழையபடி மாத்திப் போட்டுரும், அதுக்கு உங்க கை வச்சது தெரியாதுல்லா." சோதனைக்கென்று வைத்திருந்த மொத்த அடுக்கையும் அவர் கண் முன்னால் ஒரே வரியில் இடித்தாள். அடிப்பாவி என்று அவர் எழுந்தே விட்டார். டீ ஆறுவதற்குள் அத்தனையும் திரும்ப எழுப்பிக் காட்டினாள், புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது போலத் திரையில் பச்சை வரிகள். மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கேபிள் சொருகிய தன் முழங்கால் காய்ப்பை அவர் அன்றைக்குப் பேண்ட்டுக்கு மேலேயே தடவிப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சுலபமா, அப்படியென்றால் இனிமேல் தொலைவதே கிடையாதா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "வீட்டைத் திரும்பக் கட்டித் தரும் சார். வீட்டுக்குள்ள இருந்த ஆளுகளத் தராது."

"தலையைக் கொஞ்சம் சாச்சுக்கங்ணா" என்றான் கனகு, கத்தியில் பாதி பிளேடை உடைத்துச் சொருகிக்கொண்டே. தலைக்கட்டையில் பின்மண்டை அமுங்கியது, கூரையில் மின்விசிறி ஒரு இறக்கை மட்டும் அழுக்காகச் சுற்றியது. பிளேடு காது மடலுக்குக் கீழே இறங்கியபோது சர்ரென்று சின்ன சத்தம், தன் முடியின் சத்தம், தனக்கு மட்டும் கேட்கிற சத்தம். துண்டுக்கு அடியில் சட்டைப்பையில் செல்போன் நடுங்கி நின்றது. ஜோதிலிங்கமாகத்தான் இருக்கும், கிளம்பிவிட்டேன் என்று சொல்ல. கனகுவுக்குக் கையும் வாயும் ஒரே மோட்டாரில் ஓடுகிறவை, கத்தி ஓடும்போது பேச்சும் ஓடியே தீரும். "கேளுங்ணா இந்தக் கூத்தை. என்ற அக்கா பொண்ணு கல்யாணமுங்ணா, வைகாசில. என்ற மாமன், அக்கா ஊட்டுக்காரரு, போலீஸுங்க. ஆளு மீசையும் அவருமா, ஒரு எளவுக்குக் கூட அழுது நான் பாத்ததில்லீங்ணா. பொண்ணக் கார்ல ஏத்தி அனுப்பறப்போ கதவப் புடிச்சுட்டு ஓன்னு அழுதாரு பாருங்க! மூக்குல சளி வழியுது, தொப்பி இல்லாத தல ஆடுது. வீடியோக்காரன் கிட்டக்கப் போயி எடுத்துட்டான். ஆயுசுக்கும் இதைப் போட்டுப் போட்டுக் கிண்டல் பண்ணலாம்னு நாங்க அத்தன பேரும் காத்துக் கெடக்கறோம், இப்பப் போயிக் கேட்டா ஸ்டுடியோக்காரன் என்னங்ணா சொல்றான்? மொத்தமும் அழிஞ்சுபோச்சாமா! எங்கியோ கம்ப்யூட்டர் கம்பெனில யாரோ ஒருத்தன் அழிச்சுப் போட்டானாமா." கத்தி இப்போது தொண்டை முடிச்சுக்கு வந்திருந்தது. நாச்சிமுத்து எச்சிலை விழுங்கப் பார்த்து, விழுங்காமல் நிறுத்திக்கொண்டார். விழுங்கினால் முடிச்சு ஏறும், ஏறினால் பிளேடு பதியும். "கையில கெடச்சான்னா" என்று கனகு கத்தியைத் துண்டுக் காகிதத்தில் வழித்தான், நுரையும் முடியுமாக வந்தது, "இங்கியே உக்கார வச்சு மொட்டை அடிச்சு அனுப்பிப்போடுவேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "மாமனுக்குத்தாங்ணா சந்தோசம். அழுத சாட்சி அழிஞ்சுதுன்னு பால் பாயசம் வச்சுக் குடிச்சிருப்பாரு."

சிரிக்க வேண்டும் போல இருந்தது நாச்சிமுத்துவுக்கு, கன்னத்துச் சதை ஆடிவிடும் என்று அடக்கினார், அடக்கியதும் உள்ளே வேறு ஏதோ கிளம்பியது. எத்தனை கல்யாணம். மாவட்டம் முழுக்க ஸ்டுடியோக்காரர்கள் எடுத்து அனுப்பியது, தாலி கட்டும்போது தட்டிலிருந்து எகிறிய அட்சதை, பந்தியில் இலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்ட பெரியப்பா, மைக்கைப் பிடுங்கிப் பாடிய யாரோ ஒரு சித்தி, எல்லாம் இங்கே சேர்ந்து, தொகுத்து, வெட்டி, பாட்டுப் போட்டு வீட்டுக்குப் போகவேண்டியது. அவர்கள் மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்குத் துடைத்துவிட்டார்கள், துடைக்கத்தான் செய்வார்கள், கொடுத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்கிற நம்பிக்கைதானே இந்தத் தொழில். அந்த நம்பிக்கையை அவர் சங்கத்துக் கூட்டத்தில் மேசையைத் தட்டி விற்றார். எதிரில் பெங்களூர்க் கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவன் சொன்னதற்குக் கீழே, அதற்கும் கீழே, எவனும் சொல்லத் துணியாத விலையைச் சொல்லி அடித்துக்கொண்டு வந்தார். அப்படி அடித்துப் பிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, நாக்கில் இல்லை, பல் இடுக்கில். ஆபீசுக்கு வந்து மாப்ளேயிடம், எப்படியாவது இதுக்குள்ள அடக்குடா என்று மட்டும் சொன்னார். எப்படி என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவன் அடக்கினான். வந்துபோகிற சரக்குக்கென்று ஒரு தற்காலிகக் கிடங்கு இருந்தது, வாடகை மலிவு, ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கினதை அதுவே அழித்துவிடும், அப்படித்தான் மெர்லின் கோடில் எழுதியிருந்தாள். மாப்ளே கல்யாணங்களையெல்லாம் கொண்டுபோய் அதில் போட்டான். போட்டுவிட்டு, அழிக்கிற விதியைத் திரையில் போய் மவுஸால் ஒரு தட்டுத் தட்டி அணைத்தான். கோடில் எழுதவில்லை. அவனுக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவளிடம் போய், இதைக் கொஞ்சம் எழுதிக் கொடும்மா என்று நிற்க அவனுக்கு நாக்கு வரவில்லை. அதற்கு அவனை மட்டும் சொல்லி என்ன, அவள் வந்த பிறகு அவனை ஆபீசில் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஏசி ரிமோட் எங்கே என்பதைத் தவிர.

இதெல்லாம் நேற்றுவரை தெரியாது. நேற்று வரைக்கும் ஒரே ஒரு ஆள்தான் கண்ணில் பட்டாள், எஸ் என்று அடித்தவள். இன்று காலையில் மரகதம் இட்லியை வைத்துவிட்டு, சட்டினியை வைக்காமல் நின்றாள். அவள் அப்படி நின்றால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். "ஏனுங்க, எம் பொறந்தவன் ராத்திரி போன் பண்ணி அழுதானுங்க." எதுக்கு என்று கேட்டார், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "தெரியாம கை வச்சுட்டானாமா. அந்தப் புள்ளை குரூப்புல கேட்டப்பவே சொல்லியிருக்கோணும்னு அவனுக்கும் தெரியுது. அவ ஓட்டி முடிச்சதும் மறுக்காவும் அணைச்சுக்கலாம், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சானாமா. நீங்கதான் அன்னைக்கு அவனைச் சீர்த்தட்டக் குடுத்துப் பெரிய நாயக்கன்பாளையம் அனுப்பிப்போட்டீங்க, போன எடத்துல விருந்து, பந்தி, மறந்துட்டானுங்க. அன்னைக்கு ராத்திரியோட எல்லாம் அழிஞ்சுபோச்சாமா." சீர்த்தட்டு. ஆமாம், பங்காளி வீட்டு மஞ்சள் நீராட்டு, தனக்கு நேரமில்லை என்று அவனைத்தான் அனுப்பினார், பட்டுச்சேலை, பழம், பூ என்று அவன் நொண்டி நொண்டிக் காரில் ஏற்றினான். அந்த நொண்டல். கடை போட்ட புதிதில் பேட்டரியைத் தூக்கும்போது ஈரக்கை வழுக்கி விட்டது யார்? நாச்சிமுத்து. யார் பாதத்தில் விழுந்தது? அவன் பாதத்தில். அக்காவிடம் படியில் தடுக்கிவிட்டேன் என்று சொன்னான், இன்றுவரை மரகதத்துக்கு அது படிதான். அவன் தாங்கித் தாங்கி நடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம், தட்டு, இழுப்பு, தட்டு, இழுப்பு, ஒரு வழக்கறிஞர் மாதிரி அவன் பக்கத்துக்குப் பேசிக்கொண்டே வரும். "அந்தப் புள்ளை எப்படியும் எழுதிக் குடுத்துட்டுப் போறவதானுங்க" என்றாள் மரகதம், இப்போதுதான் சட்டினியை ஊற்றினாள், "இவனாவது நம்ம ஊட்டு ஆளு. நாளைக்கும் அவன் மூஞ்சியில முழிக்கோணும். விட்டுருங்க." அவர் சட்டினியைத் தொட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்பதுதான் இப்போது நெஞ்சைக் கரிக்கிறது, இரண்டாவது ஈடு வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மேல் உதட்ட உள்ள மடிச்சுக்கங்ணா." மடித்தார். பிளேடு மீசையின் கீழ் ஓரமாகச் சின்னச் சின்ன அடியாக வைத்து நகர்ந்தது. படிகாரத்தின் வாசனையும் பக்கத்து நாற்காலியில் எவனுக்கோ பூசிய சாயத்தின் வாசனையும் கலந்து வந்தன. கண்ணாடியில் படிக்கட்டு காலியாக இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் வாட்ச்மேன் காயப்போட்ட லுங்கி மட்டும் ஆடியது. நீதான் செய்தாய் என்று மறுபடி ஆரம்பித்தார், இந்த முறை அது சரியாக ஓடவில்லை, நூலில் முடிச்சு விழுந்த மாதிரி ஓர் இடத்தில் போய் நின்றது. ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ஆளுக்கொரு சாவி என்று கேட்டது யார்? ஆளுக்கொரு பெயரில் உள்ளே போகிற மாதிரி வைக்கலாம், இல்லையென்றால் யாரு தொட்டதுன்னு தெரியாம போவும் சார் என்று மெர்லின் வந்து நின்றாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறே, நீ என்ன போலீசா?" என்று கேட்டுவிட்டு அவர்தான் சிரித்தார். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், அதுவும் மரகதத்தின் பெயரோடு பிறந்த வருசம். இப்போது பதிவைத் தோண்டிப் பார்த்தால் விதியை அணைத்தவர் பெயர் அட்மின். அட்மின் என்றால் யார்? எல்லோரும். எல்லோரும் என்றால் எவனும் இல்லை. எஸ் அடித்தது மட்டும் அவள் பெயரில் சுத்தமாக நிற்கிறது, கோடை ஓட்டுவதற்கு அவள் தனக்கென்று ஒழுங்காக ஒரு சாவி வைத்திருந்த ஒரே காரணத்தால். ஒழுங்காக இருந்தவள் மாட்டிக்கொண்டாள். இது என்ன நியாயம் என்று சந்தையில் எவனாவது சொல்லியிருந்தால் நாச்சிமுத்து அவன் சட்டையைப் பிடித்திருப்பார்.

மெர்லின் அந்தக் கோடை ஓட்டிய அன்றைக்கு அவர் அன்னூரில் ஒரு பழைய ஜெனரேட்டரை விலை பேசிக்கொண்டிருந்தார். விற்கிறவன் அதை ஓடவிட்டே காட்டினான், காது கிழிகிற இரைச்சல், அது கூட ஒரு தந்திரம், இரைச்சலில் பேரம் பேச முடியாது, கை விரலைக் காட்ட வேண்டியதுதான். அப்போதுதான் குரூப்பில் அவள் எழுதியது வந்தது. இப்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டே படிக்க முடிகிறது, அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு படிக்கவில்லை. 'சார், தற்காலிகக் கிடங்குல அழிக்கிற விதி ஆஃப்ல கிடக்கு. கோடுல ஆன். யாராவது தெரிஞ்சு ஆஃப் பண்ணுனீங்களா? நான் ஓட்டுனா திரும்ப ஆன் ஆயிரும். சொல்லுங்க, காத்திருக்கேன்.' ஒரே ஒரு மஞ்சள் வரி. அவள் நிறுத்திக் கேட்டாள், அந்தக் கருவி நிறுத்திக் கேட்கிற மாதிரியே. காத்திருக்கேன் என்ற சொல்லும் ஒரு கேள்விக்குறியும் மட்டும் அவர் கண்ணில் பட்டன. இரைச்சலில் எரிச்சல் வந்தது. 'ஓட்டும்மா. இதுக்கெல்லாமா கேள்வி' என்று தட்டிவிட்டு, ஜெனரேட்டர்காரனுக்கு விரலை மடக்கிக் காட்டினார். அவர் எழுதியதற்குக் கீழே மாப்ளே ஒரு கட்டைவிரலை வைத்தான். கட்டைவிரல்! அது அவள் கேள்விக்கா, அவர் பதிலுக்கா? ஆமாம் மாமா, நீங்கள் சொன்னால் சரி மாமா என்கிற கட்டைவிரல், கூடவே வளர்ந்த கட்டைவிரல், அவர் எதைச் சொன்னாலும் முதலில் எழும்புகிற விரல். அதை அப்படிப் பழக்கியவர் யார்? அந்த நேரத்தில் அவன், இல்லைங்க மாமா, நான்தான் கை வச்சேன், ஓட்ட வேண்டாம்னு எழுதியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? கூப்பிட்டு அவன் பரம்பரையையே இழுத்திருப்பார், ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் மேலே. அது அவனுக்குத் தெரியும். பயந்துட்டேன் என்று அக்காவிடம் அழுதானாம். எதற்குப் பயந்தான்? அழிந்துபோகும் என்றா, மாமன் கத்துவான் என்றா? ஒரு வாயின் சத்தத்துக்குப் பயந்து ஊர்க் கல்யாணமெல்லாம் அழிந்திருக்கிறது. அந்த வாய் இப்போது நுரைக்குள் மூடிக் கிடக்கிறது, வேண்டியபோது மூடாமல்.

மூடியிருக்கவேண்டிய நேரம் முந்தாநாள். ஆபீசே எழுந்து நின்றது. "படிச்ச திமிரு! பஸ்ஸேறி வந்து என்ற கம்பெனியைக் கொளுத்திப்போட்டியே, கண்ணு ரெண்டும் எங்கே இருந்துச்சு உனக்கு? எஸ்ஸுன்னு அடிக்கறப்போ கையி வெளங்காமப் போயிருக்கக் கூடாதா?" கை விளங்காமல். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? அவர் அப்பன் சந்தையில் மாட்டுத் தரகனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை, இத்தனை வருசம் எங்கே பதுங்கியிருந்தது? அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூட அவர் இறங்கியிருப்பார், அழுகிறவர்களிடம் அவர் விலை இறங்குவார். அவள் நின்ற இடத்திலேயே நின்று, மெதுவாக, ஏதோ அவருக்குக் காது சரியில்லை என்பது போல, "நான் கேட்டேன்லா சார்" என்றாள். "கேட்டா ஆச்சா?" என்று இவர். "குரூப்புல கேட்டேன்லா. நீங்க தான் ஓட்டச் சொன்னது." அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொல்வது சரி என்று. அது தெரிந்த நிமிசத்தில்தான் சத்தத்தை இன்னும் உயர்த்தினார். பேரத்தில் தோற்கப் போகிறவன் அப்படித்தான் செய்வான், சரக்கு நொள்ளை என்று தெரிந்தவன்தான் சத்தியம் பண்ணுவான். அன்று சாயங்காலம் ஜோதிலிங்கம் போனில் கத்தியதற்கு, ஒரு புள்ளை பண்ணின வேலைங்க என்று சொல்லியும் ஆயிற்று. அப்படியானால் நான் நேர்ல வர்றேன், அந்தப் புள்ளை பேரைச் சொல்லுங்க, சங்கத்துல எல்லாருக்கும் தெரியட்டும், நாளைக்கு வேற எந்தக் கம்பெனியும் அதை வச்சுக்கக் கூடாது என்றார் ஜோதிலிங்கம். கேட்டேன்லா. நேற்று முழுக்க அந்த லா காதுக்குள் கொசு மாதிரி. கேட்டேன்லா. இட்லி வேகும் சத்தத்தில், கார் வைப்பரின் இழுப்பில், இப்போது இந்தப் பிளேடின் சர்ரில்.

சரி, என்ன விலை கொடுக்கலாம்? மனசு பழைய வழியிலேயே போய் உட்கார்ந்து பேரத்தை ஆரம்பித்தது. முதல் விலை, யார் பேரும் வேண்டாம், இயந்திரக் கோளாறு என்று ஜோதிலிங்கத்திடம் சொல்லிவிடலாம். அவர் சிரிப்பார், ஏற்கெனவே ஒரு புள்ளை என்று சொல்லியாயிற்றே. கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். மெர்லினுக்கு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்து, கூடுதலாகச் சில மாசச் சம்பளமும் போட்டு, பேரை மட்டும் சொல்லிவிட்டால்? அவள் வாங்கமாட்டாள். கூட்டியும் சொல்லாதவள், குறைத்தும் சொல்லாதவள். நான்தான் ஓட்டச் சொன்னேன் என்று தன் பங்கை மட்டும் ஒப்புக்கொண்டு மாப்ளேயை மறைத்துவிட்டால்? அது கொஞ்சம் நன்றாக இருந்தது, தலைவன் மாதிரி இருந்தது, அதனாலேயே சந்தேகமாக இருந்தது. அப்போதும் யார் அணைத்தது என்று கேட்பார்கள். பதிவு அட்மின் என்று சொல்லும். கோடு எழுதுபவள் தவிர வேறு யாருக்கு அந்த வேலை தெரியும் என்று சுற்றி வந்து அவள் தலையில்தான் போய் உட்காரும். அணைத்தவன் வாயைத் திறக்காமல் அவள் பேர் சுத்தமாகாது. எத்தனை பச்சை வரி ஓடினாலும் இதை மட்டும் கோடால் மாற்றிப் போட முடியாது, இது கையால் வைத்தது, வைத்த கையேதான் வந்து எடுக்க வேண்டும்.

படியில் ஏதோ அசைந்தது. கண்ணாடிக்குள், லுங்கிக்கு மேலே, மெர்லின். முதுகில் பை, கக்கத்தில் நாற்காலியில் போட்டு உட்காருவதற்கு அவளே தைத்துக் கொண்டுவந்த பூப்போட்ட மெத்தை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள், வேலையை எப்படிச் செய்வாளோ அப்படி. பின்னால் யாரும் வரவில்லை. வழியனுப்பக் கூட ஒருத்தர் எழுந்து வரவில்லை, முதலாளி கத்தித் திட்டின பெண்ணோடு படியிறங்க யாருக்குத் துணிச்சல் வரும், அந்தப் பயமும் தான் போட்ட சரக்குத்தான். ஒரு பக்கக் கன்னம் முடிந்து, மறுபக்கம் நுரை அப்படியே இருந்தது. "கனகு, எடு கத்திய." "அண்ணா, இன்னொரு பக்கம்..." "எடுங்கறேன்ல." கழுத்தில் துண்டோடு எழுந்தார், நுரை காலர்மேல் சொட்டியது, கண்ணாடியில் பாதி மழமழப்பும் பாதி வெண்நுரையுமாக ஒரு ஆள் நின்றான், இவன் பேரத்துக்குப் போகிறவன் இல்லை. கனகு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "உன்ற மாமன் அழுதத அழிச்சது எங்க கம்பெனிதான் கனகு. வந்து பேசிக்கறேன், மொட்டை போடறதா இருந்தாலும் போடு" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து செல்போனை எடுத்தார், திரையெல்லாம் சோப்பு, விரல் வழுக்கி வழுக்கி அந்தப் பெயரைப் பிடித்தது. மெர்லின் முதல் மாடித் திருப்பத்தில் நின்று மெத்தையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ரிங்கில் மாப்ளே எடுத்தான்.

"மாமா..."

"மாப்ளே, பேசாதே, கேளு. உன்ற அக்கா எல்லாஞ் சொல்லிட்டா. நான் கத்தலை, பாரு, கத்தலை. ஓட்டச் சொன்னது நான், அதை நான் ஜோதிலிங்கம் மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கறேன். எல்லாருக்கும் ஒரே சாவி குடுத்ததும் நான்தான், அதுவும் என்ற கணக்கு. ஆனா கை வச்சது நீ. அவ கேட்டப்போ பாத்துட்டுச் சும்மா இருந்தது நீ. உன்ற காலை ஒடச்சவன் நான்தான்டா, அதுக்கு என்ற கால வேணும்னாலும் வெட்டி எடுத்துக்கோ, அந்தப் புள்ளை பேரைத் தரமாட்டேன்."

"மாமா, சாயங்காலம் வந்து நேர்ல..."

"சாயங்காலமெல்லாம் இல்ல. அவளுக்குத் தனியாச் சொல்றேன், ஜோதிலிங்கத்துக்கு மட்டும் சொல்றேன்னு எங்கிட்ட வெல பேசாதே. இன்னைக்கு ஒரே விலை. சன்னல் வழியாப் பாரு, மொத மாடித் திருப்பத்துல நிக்கறா. நொண்டிட்டே வா, உருண்டுட்டே வா, ஆபீசே பாக்கறாப்புல கூப்புட்டு நிறுத்து. நீ கை வச்ச எடத்துல இன்னும் உன்ற கைதான் கெடக்குது, வந்து எடு. எந்திரி மாப்ளே. அவ கடைசிப் படியில கால் வைக்கறதுக்குள்ள, உன்ற வாயால, சொல்லு."